ஆள் குடியிருப்பு இல்லை

கொல்லயிலில் ரத்னபாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம், ரத்னபாயின் வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. பாறசாலையிலிருந்து வரும் பஸ் வளைவில் திரும்பும்போது, தென்னைகளுக்கு நடுவே இளம்பச்சை பெயிண்டில் வாசலில் இரண்டு தூணோடு நிற்கிறதே, அதுதான். ஆறு வருடமாகப் பூட்டியே கிடந்தது. யாரோ கல்ஃப்காரனுடைய வீடு என்று பஸ்ஸில் புதிதாக வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். கல்ஃப்காரனுடையதுதான். அவன் பெயர் தங்கையன். அவன் பெண்டாட்டி ரத்னபாய் அந்த வீட்டுக்குப் பின்னால், மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இரண்டு ஆடுகளை வளர்த்துக்கொண்டு குடியிருந்தாள்.

புது வீடு இருக்கப் பழையதில் கிடக்கிறாளே, பைத்தியமா என்று ஊர் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் சபையில் வீடு கட்டி முடித்தால் பிரதிஷ்டை வைப்பார்கள். வாசலில் ரிப்பன் கட்டியிருக்கும். போதகர் ஜெபம் பண்ணிச் சாவியை வீட்டுக்காரன் கையில் கொடுப்பார். அவன் கதவைத் திறப்பான், பெண்டாட்டி அவனோடு சேர்ந்து உள்ளே போவாள், பின்னால் சபையார் பாடிக்கொண்டு நுழைவார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பும் படுக்கையும். பிரதிஷ்டை ஆகாத வீட்டில் உலை வைக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ரத்னபாய்க்கு அது கர்த்தர் கொடுத்த பத்துக் கற்பனைகளோடு சேர்ந்த பதினோராவது கற்பனை. சாவியை வாங்கவேண்டிய ஆள் பஹ்ரைனில் இருந்தான். ஆகவே வீடு பூட்டிக் கிடந்தது.

ரத்னபாய் பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கட்டிக் கொடுத்தது எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாள நாட்டில். மலையாளம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பேச்சில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. வாசிக்கத்தான் வராது. பதினேழு வயதில் அண்டி ஆபீசில் சேர்ந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கிற கம்பெனியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போகும், எந்தச் சோப்புக்கும் போகாது. பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். தங்கையன் அதைப் பார்த்துவிட்டான். தன் கையை விரித்துக் காட்டினான். டைல்ஸ் பதிக்கிற வேலை, சிமென்டில் வெந்து நகமெல்லாம் வெடித்த கை. அந்த நிமிஷமே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இன்றுவரை அது கொஞ்சமும் குறையவில்லை. அவளுடைய கஷ்டமே அதுதான்.

கலியாணமாகி இருபத்திரண்டு வருடம். இருவரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்த நாட்களை ஒட்டுப்போட்டுப் பார்த்தால் நாலு வருடம் தேறாது. பிள்ளை இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் சொன்ன தேதியும் கம்பெனி கொடுத்த லீவும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பிறகு அதை விட்டுவிட்டார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு வந்தபோது, மண்ணை ஈடு வைத்து ஊர் கூட்டுறவு பேங்கில் லோன் எடுத்து, அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போனான். ஊர் ஊராக அரபி வீட்டில் தரை போடுகிறேன், நமக்கு ஒரு தரை வேண்டாமா என்றான். பெயிண்டின் நிறம், ஜன்னலின் கம்பி, தரைக்கு வேண்டிய டைல்ஸ் எல்லாம் அவன் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. வீடு முடிந்த வருடம் கொரோனா வந்தது. அவன் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி எங்கோ போய்விட்டான். விசா முடிந்தது, பாஸ்போர்ட் முதலாளியோடு போயிற்று. அன்றிலிருந்து தங்கையன் பேப்பர் இல்லாமல் ஒளிந்து மறைந்து வேலை செய்கிற ஆள். அப்படிப்பட்டவர்களைக் கல்லிவல்லி என்று சொல்வார்கள். வேலை கிடைத்த மாதம் பணம் வரும், கிடைக்காத மாதம் வராது. பேங்குத் தவணையும் அப்படியே முடங்கியது. வெளியே வந்தால் பிடிபடுவான். சர்க்கார் பொதுமாப்பு கொடுத்து ஊருக்கு விட்டால் வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சொல்வான். அவளும் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் முன்னால் புது வீட்டின் வெளிச்சுவரைத் துடைத்து வைப்பாள்.

பேங்கிலிருந்து பதிவுத் தபால் வந்தது. முழுக்க மலையாளம். ஒப்புக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. அதை எடுத்துக்கொண்டு அட்சயா சென்டருக்குப் போனாள். ஆதார் முதல் கரண்ட் பில் வரை சர்க்கார் காரியமெல்லாம் கம்ப்யூட்டரில் செய்துகொடுக்கிற இடம் அது. நடத்துகிறவள் விமலகுமாரி. பத்தாம் வகுப்புப் பையனுக்கு அப்ளிகேஷன் போட்டாலும் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டித்தான் போடுவாள், ஆனால் போட்ட அப்ளிகேஷன் திரும்பி வராது. தபாலை வாசித்தாள். குரலைத் தாழ்த்தி, ஜப்தி நோட்டீஸ் அக்கா, மண்ணும் வீடும் ஏலத்துக்குப் போகும் என்றாள். ரத்னபாய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். அறுபது நாள் என்றாள் விமலகுமாரி.

கடையை மருமகளிடம் விட்டுவிட்டு அன்றைக்கே விமலகுமாரி அவளை பேங்குக்கு அழைத்துப் போனாள். அங்கே செக்ரட்டரி நல்ல மனுஷன்தான். குடியிருக்கிற வீட்டையே ஈடு வைத்து முடங்கிப்போனவர்களுக்கு, அபராத வட்டியைத் தள்ளித் தவணையை நீட்டிக் கொடுக்க போர்டு தீர்மானம் போட்டிருக்கிறது, மனு கொடுங்கள், ஆள் வந்து பார்ப்பான் என்றார். விமலகுமாரி அங்கேயே உட்கார்ந்து மலையாளத்தில் மனு எழுதினாள். ரத்னபாய் கையெழுத்தைத் தமிழில் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு லேசாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

லேசாக முடியவும் இல்லை. பத்தாவது நாள் பேங்கிலிருந்து ரதீஷ் என்ற பையன் பைக்கில் வந்தான். பையன் என்றால் முப்பது வயதுக்காரன், கழுத்தில் அடையாள அட்டை. ரத்னபாய் ஓட்டு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு எலுமிச்சை கலக்கிக் கொடுத்தாள். வீட்டைப் பார்க்கவேண்டும் என்றான். செருப்பைக் கழற்றச் சொல்லிப் புது வீட்டின் படிவரைக்கும் அழைத்துப் போய், ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே காட்டினாள். பேங்குக்கு மனசு என்று ஒன்று இருந்தால் இதைக் கேட்டு இளகவேண்டும் என்று நினைத்து, பெருமையாகச் சொன்னாள்.

"நான் இதுவரை ஒரு ராத்திரி கூட உள்ள கெடந்ததில்ல சாரே. அடுப்புல ஒரு குச்சி தீ கூட கத்திச்சதில்ல. அவரு வந்த பொறவு ரெண்டுபேருமா கேறதுக்காக்கும் வச்சிருக்கேன்."

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எலுமிச்சை நன்றாக இருந்தது என்றான்.

மனு தள்ளுபடி ஆயிற்று. ரதீஷின் ரிப்போர்ட்டில் இருந்ததை விமலகுமாரி வாசித்துச் சொன்னாள்: ஈடு வைத்த கட்டடத்தில் ஆள் குடியிருப்பு இல்லை, மனுதாரர் வேறு வீட்டில் வசிக்கிறார், கரண்ட் பில்லில் ஆறு வருடமாக ஒரு யூனிட்கூட ஓடவில்லை. ஆகவே இது குடியிருக்கும் வீடு அல்ல, வெறும் சொத்து. ஏலம் போடலாம். பையன் பொய் எழுதவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதியிருந்தான்.

"அக்கா, அந்த சாருகிட்ட இதெல்லாம் என்னத்துக்கு வெளம்பப் போனிய? கெடக்குத எடம் போவாண்டாம்னு தான் பேங்கு எறங்கி வருது. பூட்டிப் போட்ட வீட்டை வித்தா இவளுக்கு என்ன நட்டம்னுதான கேப்பினும்?"

தங்கையன் வருவான் என்று ரத்னபாய் காத்த காவல்தான் வீட்டைக் கொண்டுபோகிறது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

நெய்யாற்றின்கரையில் பேங்குகள் சேர்ந்து கடன்காரர்களோடு சமரசம் பேச அதாலத் வைத்தார்கள். விமலகுமாரி அங்கேயும் வந்தாள். இது ஒரு சபை வழக்கம், தெரியாமல் நேர்ந்த பிழை, இவளுக்கு வேறு மண்ணோ வீடோ கிடையாது, பழைய வீடும் இதே மண்ணில்தான் நிற்கிறது என்று மூச்சு விடாமல் பேசினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஆள் வருவான், அப்போது இவர் அந்த வீட்டில் குடியிருப்பது உண்மையானால் பார்க்கலாம் என்றார்கள். வெளியே வந்ததும் விமலகுமாரி, இன்றைக்கே பாயைத் தூக்கி உள்ளே போடு அக்கா என்றாள். சொல்வதற்கு என்ன, அவளுக்கு அது ஒரு பாய்.

ரத்னபாய் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். அவர் இளவயதுக்காரர், காரியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். இப்போது சின்னதாக ஒரு ஜெபம் வைத்துக்கொள்வோம், தங்கையன் வந்ததும் பெரிதாக வைப்போம், தேவன் ரசீதா கேட்கப்போகிறார் என்றார். சரி, சாவியை யார் கையில் கொடுப்பீர்கள் என்று அவள் கேட்டாள். உன் கையில்தான் என்றார். அப்படியானால் வேண்டாம் ஐயா, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இனி அவனிடம் சொல்லவேண்டும். ஜப்தி நோட்டீசை அவனிடம் மறைத்திருந்தாள். தெரிந்தால் அங்கே இருந்து என்ன செய்வான், சாப்பிடாமல் கிடப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. பேங்கின் மேல், மூடிப்போன கம்பெனியின் மேல், கடைசியில் அவள் மேல். ஆறு வருடம் பொறுத்தாய், இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியவில்லையா என்றான். நான் பொறுப்பேன், பேங்கு பொறுக்காது என்றாள் அவள். போனை வைத்துவிட்டான். அடுத்த நாலு நாள் அவன் கூப்பிடவில்லை. அண்டி ஆபீசில் அவள் பருப்பைப் பாதியாக உடைத்து உடைத்து மேஸ்திரியிடம் வசவு வாங்கினாள்.

ஐந்தாவது நாள் காலையில் போன் வந்தது. அவன் குரல் தணிந்திருந்தது.

"ரெத்னம், நீ கேறிக்கோ. கேறும்போ போனை கையில வச்சுக்கிடு. எனக்க தரைய எனக்கு ஒண்ணு காட்டு."

அவள் அப்போதே சாவியை எடுத்தாள். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, ஆட்டித் திறந்தாள். உள்ளே அடைந்து கிடந்த சுண்ணாம்பு வாடை. முன் அறையில் வெளிச்சம் விழுந்தது. போனைக் கவிழ்த்துத் தரையைக் காட்டிக்கொண்டே நடந்தாள். கொஞ்சம் இந்தப் பக்கம், மூலையில் காட்டு, ஜன்னலுக்குக் கீழே காட்டு என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். பதித்தவன் யார், இடைவெளி ஒரே அளவாக இல்லையே, சுவரோரத்தில் துண்டு வைத்து ஒப்பேற்றியிருக்கிறான், நான் நின்றிருந்தால் விட்டிருப்பேனா என்று ஏசினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் வேலைக்காரப் புத்தி உங்களை விட்டுப் போகாது என்றாள். போனைத் திருப்பிப் பார்த்தாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். பின்னால் அடுக்குக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தலையில் முடி பாதிக்கு மேல் நரைத்திருந்ததை அவள் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள்.

அன்றைக்கே குடிபோனாள். பாத்திரத்தையும் பாயையும் அரிசிப் பானையையும் ஒவ்வொன்றாகக் கொண்டு வைத்தாள். ஆடுகளைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து ஓட்டு வீட்டில் கட்டினாள். ஆட்டுக்கு வந்த வாழ்வைப் பாரு என்று ஊர் சிரித்தது. முதல் நாள் கஞ்சிக்கு உலை வைத்தபோது தவறு செய்கிறோம் என்று இருந்தது. தீ வழக்கம்போல எரிந்தது, கஞ்சி வழக்கம்போல வெந்தது. விமலகுமாரி சொல்லியிருந்தபடி எல்லா அறையிலும் லைட்டைப் போட்டு மீட்டரை ஓடவிட்டாள்.

ஒன்றை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமும் ஓட்டு வீட்டிலிருந்து பார்க்கும்போது, பூட்டிய வீட்டில்தான் அவன் இருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. திறந்தால் அங்கே இருப்பான், எண்ணெய்ப் பசையோடு தலை சீவிக்கொண்டு, மோட்டார் போட்டாயா என்று கேட்டுக்கொண்டு. இப்போது எல்லாக் கதவையும் திறந்தாயிற்று. மூன்று அறையிலும் அவன் இல்லை. பாத்ரூமில் அவன் உயரத்துக்கு வைக்கச் சொன்ன கண்ணாடியில் அவளுக்கு நெற்றி மட்டும் தெரிந்தது. அவன் வேண்டும். அந்தக் கை வேண்டும், அந்த வெடித்த நகம் வேண்டும். வீடு யாருக்கு வேண்டும் என்று ஒரு நாள் சமையலறையில் நின்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு பயந்துபோய், கர்த்தாவே அப்படி இல்லை, வீடும் வேண்டும் என்று திருத்திக்கொண்டாள். வீடு போனால் அவன் எங்கே வருவான்?

ஒரு மாதம் கழித்து ரதீஷ் வந்தான். இந்தத் தடவை அவன் கேட்காமலே செருப்பைக் கழற்றினான். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் சாளை மீன் குழம்பு. கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்தான். ஓட்டு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஆடு இரண்டும் அவனை முறைத்ததில் சிரித்துக்கொண்டே வந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது சேச்சி என்றான். நாற்காலியில் உட்கார்ந்து ஃபாரத்தை மடியில் வைத்து நிரப்பத் தொடங்கினான். பெயர், வீட்டு நம்பர், எந்தத் தேதியிலிருந்து. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பிறகு, வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டான்.

இரண்டு பேர் என்றாள்.

அவன் பேனாவை நிறுத்தினான். அன்றைக்கு அவன் எழுதிய ரிப்போர்ட்டால் வந்த வினை அவனுக்கும் தெரிந்திருந்தது போல, மெதுவாகவே சொன்னான். சேட்டன் பெயரையும் எழுதலாம், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கிற ஆள் என்றால் பாஸ்போர்ட் காப்பியும் விசா காப்பியும் சேர்த்து வைக்கவேண்டும், அது வரும்வரை ஃபைல் போர்டுக்குப் போகாது என்றான். இங்கே தினமும் உண்டு உறங்குகிறவர்களை மட்டும்தான் இந்த இடத்தில் கேட்கிறார்கள் என்றும் சொன்னான். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று காத்திருந்தான்.

ஊரில் எத்தனை பேர் எத்தனை விதமாக அவளிடம் கேட்டிருக்கிறார்கள். தனியாகவா இருக்கிறாய், துணைக்கு யாரும் இல்லையா, பயமாக இல்லையா. ஒருவரிடமும் ஒரு நாளும் அவள் ஆம் என்று சொன்னதில்லை. அவர் வந்துவிடுவார் என்றே சொல்லியிருக்கிறாள். இப்போது ரதீஷின் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

"ஒரு ஆளு தான் சாரே," என்றாள். "எழுதிக்கிடுங்க. நான் மட்டும் தான் உண்டு."

அவன் எழுதினான். காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினான். கறுத்த விரலால் பேனாவைப் பிடித்து, அந்த ஒன்றுக்குக் கீழே, தமிழில் ரத்னபாய் என்று கையெழுத்துப் போட்டாள்.

போர்டு மனுவை ஏற்றுக்கொண்டது. தவணை நீண்டது, ஏலம் நின்றது. விமலகுமாரி அந்தச் செய்தியைச் சொல்ல நேரிலேயே வந்து, முதல் தடவையாகத் திட்டாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை தங்கையன் கூப்பிட்டான். வீடு தப்பிவிட்டது என்று கேட்டதும் அவன் சின்னப் பையனைப் போலச் சத்தம் போட்டான். பக்கத்தில் இருந்தவர்களிடம் மலையாளத்தில் சொன்னான், ஹிந்தியில் சொன்னான். பிறகு விவரமாகக் கேட்டான். பேங்கு ஆள் எப்போது வந்தான், எங்கே உட்கார்ந்தான், தரையைப் பார்த்து ஏதாவது சொன்னானா?

நல்ல தரை என்று சொன்னான் என்றாள்.

வேறு என்ன கேட்டான்?

இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டான் என்றாள். அந்தப் பக்கம் ஹிந்திக்காரர்களின் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, நீ என்ன சொன்னாய் என்று கேட்டான்.

"ரெண்டு பேருன்னு சொன்னேன்," என்றாள் ரத்னபாய். "எழுதிக்கிட்டுப் போனாரு."